நீதியான போர்: ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு பழமைவாதக் கிறிஸ்தவர்கள் ஈராக்கில் எதிரெதிராகப் போனது எப்படி?

பர்கூர் மறைக்கல்வி:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி வட்டார இளையோருக்கு இரண்டு ஞாயிறு, தலா ஒன்றரை மணி நேரம், நீதியான போர் பற்றி வகுப்பு வைத்திருக்கிறோம். கல்லூரி மாணவர்கள், ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், பட்டாளத்துக்கு ஆள் எடுப்புக்குத் தயாராகிற சிலர் என்று கலந்து வருவார்கள். லூத்தரன் சபை வாலிபர்களையும் அழைத்திருக்கிறோம்.

கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கியாகிவிட்டது. பெரும்பாலும் இரண்டு வகைதான். "மறு கன்னத்தைக் காட்டு என்றவரின் சீடர்கள் போரை எப்படி நியாயம் என்று சொல்லலாம்?" என்பது ஒன்று. "அமெரிக்காவில் கோயிலுக்குப் போகிற பழமைவாதிகள்தானே அயல்நாட்டுப் போர்களுக்குக் கை தூக்குகிறார்கள், அப்போது சபையின் நிலைப்பாடே அதுதானா?" என்பது மற்றொன்று.

மூன்று உதவி வேண்டும். அளவுகோல்கள் என்னென்ன, எந்த வரிசையில் சொல்வது, எங்கே பிள்ளைகள் தடம் மாறுவார்கள்? பழமைவாதிகளுக்குள் பிளவு எந்த இடத்தில் விழுகிறது? ஈராக், லிபியா என்று தூரத்தில் இல்லாமல், நம் மண்ணிலேயே வைத்துச் சோதித்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு உண்டா?

தென்பெண்ணை:

கன்னத்திலிருந்தே தொடங்குங்கள், வரிசை தானாக வந்துவிடும். இயேசு சொன்னது என் கன்னத்தைப் பற்றி. அடுத்தவன் கன்னத்தில் அடி விழும்போது நான் என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி. அகுஸ்தினார் (354-430) இந்த இரண்டையும் பிரித்துத்தான் பேசினார். தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு தனி ஆள் இன்னொருவரைக் கொல்வது அவருக்கே உறுத்தலாக இருந்தது. பொறுப்பில் இருக்கிற அதிகாரி, மக்களைக் காக்க, வெறுப்பில்லாமல் வாளெடுப்பதை அவர் ஏற்றார். ஆக இந்தக் கொள்கை பிறந்தது தற்காப்பிலிருந்து அல்ல, அயலார் மீதான அன்பிலிருந்து. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிளவுக்கு வரும்போது தேவைப்படும்.

போரே கூடாது என்ற தரப்பை அவசரமாகத் தள்ளிவிட வேண்டாம். ஆதித் திருச்சபை எழுத்தாளர்களான தெர்த்துல்லியனும் ஒரிஜெனும் அந்தப் பக்கம். மென்னோனைட்டுகள், குவேக்கர்கள் என்ற போர்மறுப்புச் சபையாரும் இன்றும் அங்கேதான் நிற்கிறார்கள். எதிர்த்தரப்பு காட்டுவது லூக்கா 3:14. படைவீரர்கள் வந்து கேட்டபோது திருமுழுக்கு யோவான் வேலையை விடச் சொல்லவில்லை, மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள் என்றார். கூடவே, அதிகாரி வாளை வீணாக ஏந்துவதில்லை என்கிற உரோமையர் 13:4. பதினைந்து நிமிடம் போதும்.

அடுத்து தாமஸ் அக்குவினாஸ். அவருடைய இறையியல் தொகுப்பில் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 40-ஆம் வினா. மூன்றே மூன்று நிபந்தனைதான்: உரிய அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். கடைசி வழியாக இருக்க வேண்டும், வெற்றி வாய்ப்பு இருக்க வேண்டும், நன்மையைவிடத் தீமை மிஞ்சக் கூடாது என்பதெல்லாம் அந்த மூன்றில் இல்லை. பின்னால் வந்தவர்கள் விரித்தவை. 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2309-ஆம் பத்தியில் நான்கு நிபந்தனை வைக்கிறது. ஆக்கிரமிப்பாளரால் வரும் கேடு நீடித்ததாகவும் கடுமையானதாகவும் உறுதியானதாகவும் இருக்க வேண்டும். மற்ற வழிகள் பயன்படாதவை என்று தெரிந்திருக்க வேண்டும். வெற்றிக்குத் திடமான வாய்ப்பு வேண்டும். ஒழிக்கப் போகிற தீமையைவிடப் பெரிய தீமையை ஆயுதம் கொண்டுவரக் கூடாது. நான்கும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும், மூன்று போதாது.

பிள்ளைகள் தடம் மாறுகிற இடங்களைச் சொல்கிறேன், இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலாவது, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் போட்டு டிக் அடிப்பது. அக்குவினாஸின் மூன்றும் வாசல். அதில் ஒன்று இல்லையென்றால் மற்றதைப் பேச வேண்டியதே இல்லை. வெற்றி வாய்ப்பும் கடைசி வழியும் விளைவை எடைபோடும் விவேகக் கேள்விகள். நேர்மையானவர்களே அங்கே வேறுபட முடியும். கரும்பலகையில் இரண்டு கட்டமாகவே வரையுங்கள்.

இரண்டாவது, போருக்குப் போவதன் நியாயத்தையும் போரை நடத்தும் முறையின் நியாயத்தையும் கலப்பது. காரணம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் ஊரோடு சேர்த்துக் குண்டு போட்டால் அது குற்றம். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், முழு நகரங்களை அங்குள்ள மக்களோடு சேர்த்து அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று நேரடியாகவே சொன்னது. "எங்கள் நோக்கம் பொதுமக்கள் அல்ல" என்ற வார்த்தை மட்டும் போதாது. பொதுமக்கள் சாவு குறிக்கோளாகவும் இருக்கக் கூடாது, குறிக்கோளை அடையும் வழியாகவும் இருக்கக் கூடாது, பெறுகிற நன்மைக்கு மீறியும் போகக் கூடாது. அதைக் குறைக்கத் தன் வீரர்களுக்குக் கூடுதல் ஆபத்து வந்தாலும் ஏற்க வேண்டும் என்று மைக்கேல் வால்சர் சேர்த்தது சரியான சேர்க்கை என்பது என் கருத்து. அவர் யூதச் சிந்தனையாளர், கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் இன்று பல இறையியல் கல்லூரிகளில் அவரைப் படிக்கிறார்கள்.

மூன்றாவது, "வெற்றி" என்றால் என்ன என்று முதலிலேயே எழுதாமல் வாய்ப்பைப் பற்றி வாதிடுவது. ஈராக்கில் 2003 மார்ச் 20-இல் போர் தொடங்கியது, ஏப்ரல் 9-இல் பாக்தாத் விழுந்தது. சதாமை இறக்குவதுதான் வெற்றி என்றால் மூன்று வாரத்தில் முடிந்த கதை. நிலையான ஓர் அரசை நிறுத்துவது என்றால் கணக்கே வேறு. 2002-இல் வாதிட்ட இரு தரப்பும் ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு பொருளைத்தான் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓசூர் லூத்தரன்:

தென்பெண்ணை ஐயா சொன்னதோடு லூத்தரன் பிள்ளைகளுக்காகச் சிலது சேர்க்கிறேன். 1895-இல் மிசௌரி மிஷன் நம் நாட்டில் வேலையைத் தொடங்கியதே கிருஷ்ணகிரியில்தான். அந்த மரபில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அக்குவினாஸைவிட அக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அருகில் இருக்கும். 1530-இல் எழுதிய அந்த அறிக்கையின் 16-ஆம் பிரிவு, கிறிஸ்தவர்கள் அரசுப் பதவி வகிக்கலாம், நீதியான போரில் ஈடுபடலாம், படைவீரராகப் பணி செய்யலாம் என்கிறது. பட்டாளத்துக்குப் போகத் தயாராகிற தம்பிகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

அவர்களுடைய உண்மையான கேள்வி வேறாக இருக்கும்: மேலதிகாரி அனுப்புகிற போர் தவறானது என்றால்? லூத்தர் 1526-இல் படைவீரர்களுக்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் சொல்வது: போரை யார் முதலில் தொடங்குகிறாரோ அவர் பக்கமே தவறு. உன் பிரபு தவறான போருக்குப் போகிறார் என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் போகாதே, மனிதரைவிட தேவனுக்குப் பயப்படு, நஷ்டம் வந்தால் தாங்கிக்கொள். நிச்சயமாகத் தெரியாத போது, சந்தேகத்தின் பலனை அதிகாரிக்குக் கொடு. கடைசி வரி இன்று பலருக்குச் சங்கடம். உளவுத்தகவல் அரசிடம் மட்டுமே இருக்கும் காலத்தில் சாதாரண வீரனுக்கு "நிச்சயம்" எங்கிருந்து வரும்? பிள்ளைகளை இதன்மேல் வாதிட விடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். 1529-இல் துருக்கியர் வியன்னாவை நெருங்கிய ஆண்டிலேயே லூத்தர் எழுதினார்: இந்தப் போரை நடத்த வேண்டியவர் பேரரசர், அதுவும் தன் குடிமக்களைக் காக்கும் கடமையால் மட்டுமே. கிறிஸ்துவின் பெயரால், விசுவாசத்துக்கான போர் என்று ஒருவரும் கிளம்பக் கூடாது. சிலுவைப்போருக்கு அவர் கதவைச் சாத்திவிட்டார். கத்தோலிக்கப் பக்கத்திலும் ஸ்பெயின் இறையியலாளர் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா 1539-இல் சலமாங்காவில் இதையே சொன்னார்: மதம் வேறு என்பது போருக்குக் காரணமாகாது, பேரரசை விரிப்பதும் அரசரின் புகழும் காரணமாகா. சொந்த நாட்டு அரசு அமெரிக்கக் கண்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சொன்ன சொல் இது.

"கிறிஸ்தவர்கள் ஈராக் போரை ஆதரித்தார்கள்" என்ற வாக்கியத்தையும் வகுப்பில் உடைத்துக் காட்டுங்கள். 2002 அக்டோபரில் சதர்ன் பாப்டிஸ்ட் தலைவர் ரிச்சர்ட் லேண்ட் எழுதி, சார்லஸ் கோல்சன் உட்பட இன்னும் நால்வர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று அதிபர் புஷ்ஷுக்குப் போனது. நீதியான போரின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாம் பொருந்துகின்றன என்றார்கள். 2003 மார்ச்சில் இன்னொரு பாப்டிஸ்ட், முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், அதே நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றும் பொருந்தவில்லை என்று எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதைவிட நல்ல பாடம் இல்லை.

தகடூர்க்காரன்:

பிளவைப் பற்றிக் கேட்டீர்கள் சார். அது ஒரே இடத்தில் விழவில்லை.

அமெரிக்கப் பழமைவாதத்தில் தலையிடாமைதான் மூத்த பிள்ளை. 1796-இல் வாஷிங்டனின் பிரியாவிடை உரை நிரந்தரக் கூட்டணிகளிலிருந்து விலகி நில் என்றது. 1821 ஜூலை 4-இல் ஜான் குவின்சி ஆடம்ஸ், அழிப்பதற்கு அரக்கர்களைத் தேடி அமெரிக்கா வெளிநாடு போவதில்லை என்றார். குடியரசுக் கட்சியின் பெரிய தலைவரான ராபர்ட் டாஃப்ட் 1949-இல் நேட்டோ ஒப்பந்தத்துக்கே எதிராக வாக்களித்தார். பழமைவாதச் சிந்தனையின் ஆசான்களில் ஒருவரான ரஸ்ஸல் கிர்க் 1991 வளைகுடாப் போரைக் கண்டித்தார். பேட் புக்கானன் வழி வந்தவர்கள் 2002-இல் தனிப் பத்திரிகையே தொடங்கி ஈராக் போரை எதிர்த்தார்கள். மூத்த புஷ்ஷின் பாதுகாப்பு ஆலோசகர் பிரென்ட் ஸ்கோகிராஃப்ட், 2002 ஆகஸ்டில் சதாமைத் தாக்காதே என்று வெளிப்படையாக எழுதினார். எதிர்ப்பக்கம் இர்விங் கிறிஸ்டல், பொட்ஹோரெட்ஸ் தலைமுறையிலிருந்து வந்த புதுப் பழமைவாதிகள். அமெரிக்க வலிமை உலக ஒழுங்குக்கே தேவை, கொடுங்கோல் அரசுகள் இருக்கும்வரை பாதுகாப்பு இல்லை என்பது அவர்கள் வாதம். பிள்ளைகள் எழுதிய "பழமைவாதிகள்தானே எல்லாப் போருக்கும் கை தூக்குகிறார்கள்" என்ற வரி இந்த வரலாற்றின் ஒரு பாதியைத்தான் பார்க்கிறது.

இறையியல் பக்கம் பிளவு மூன்று கேள்வியில் விழுகிறது.

நியாயமான காரணம் என்பது தற்காப்பு மட்டுமா? மறைக்கல்வியின் 2309 தற்காப்பு என்ற தலைப்பில்தான் பேசுகிறது. 2002 செப்டம்பரில் கர்தினால் இராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்), முன்தடுப்புப் போர், அதாவது எதிரி தாக்கும் முன்பே தாக்குவது, என்ற கருத்தே மறைக்கல்வியில் இல்லை என்றார். ஆனால் அக்குவினாஸ் காலத்தில் காரணம் என்பது தவறு செய்தவரைத் தண்டிப்பதையும் பறித்ததை மீட்பதையும் சேர்த்தது. பேராசிரியர் ஜேம்ஸ் டர்னர் ஜான்சனும் அமெரிக்கக் கத்தோலிக்க எழுத்தாளர் ஜார்ஜ் வைகலும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1983-இல் அமெரிக்க ஆயர்கள் "போருக்கு எதிரான முன்முடிவோடு தொடங்க வேண்டும்" என்று எழுதியது மரபு அல்ல, மரபு தொடங்குவது அநீதிக்கு எதிராக என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வரலாற்று வாசிப்பாக இதில் சரக்கு இருக்கிறது, தள்ளிவிட முடியாது. தென்பெண்ணை ஐயா குறித்து வைக்கச் சொன்ன விஷயம் இங்கேதான் உதவுகிறது: கொள்கை அயலாரைக் காப்பதில் பிறந்தது என்றால், பக்கத்து நாட்டில் வெட்டுப்படுகிறவனைக் காக்கப் போவதைத் தற்காப்பு அல்ல என்று தடுக்க முடியுமா? நல்ல சமாரியர் கொள்ளை நடந்துகொண்டிருக்கும்போதே வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அமெரிக்க இறையியலாளர் பால் ராம்சே கேட்டது இதற்காகத்தான்.

உரிய அதிகாரம் யார்? நாட்டின் தலைவரா, நாடாளுமன்றமா, ஐ.நா. பாதுகாப்பு அவையா? வத்திக்கான் 2003-இல் ஐ.நா. வழியை வலியுறுத்தியது. பழமைவாதிகளில் இரு சாராருமே ஐ.நா.வை நம்புவதில்லை என்பது விசித்திரமான ஒற்றுமை. ஆனால் தலையிடாமைக்காரர்கள் அதிகாரத்தை அமெரிக்கக் காங்கிரசின் போர்ப் பிரகடனத்தில் வைத்துக் குறுக்குவார்கள், மற்றவர்கள் அதிபரிடம் விரித்து வைப்பார்கள்.

விவேகத் தீர்ப்பு யாருடையது? 2309 பத்தியின் கடைசி வாக்கியம், இந்த நிபந்தனைகளை மதிப்பிடுவது பொதுநலனுக்குப் பொறுப்பானவர்களின் விவேகத்தைச் சேர்ந்தது என்கிறது. வைகல் இதை அழுத்திப் பிடித்தார்: ஆயர்களைவிட ஆட்சியாளருக்குத்தான் தகவலும் பொறுப்பும் உண்டு என்று. 2003 மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கர்தினால் பியோ லாகியை நேரில் புஷ்ஷிடம் அனுப்பியும் போர் நிற்கவில்லை. என் கருத்து: அந்த வாக்கியம் ஆட்சியாளருக்குக் கொடுப்பது பொறுப்பு. தவறினால் கணக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பு. அதைச் சலுகையாக வாசித்தது பெரிய பிழை. 2004-இல் ஈராக் ஆய்வுக் குழு பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தபோது "உறுதியான கேடு" என்ற நிபந்தனையே காலியானது.

ஒன்றை மறைக்கக் கூடாது. தலையிடாமையும் நீதியான போர்க் கொள்கையும் ஒன்றல்ல. ரேகனின் பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பெர்கர் 1984 நவம்பரில் ஆறு சோதனைகள் வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு பெய்ரூட்டில் 241 அமெரிக்கப் படையினர் குண்டுவெடிப்பில் செத்திருந்தார்கள். தெளிவான குறிக்கோள், வெல்லும் உறுதி, இடைவிடாத மறுஆய்வு, மக்கள் ஆதரவு, கடைசி வழி: இவ்வளவும் நம் அளவுகோலோடு ஒத்துப்போகும். ஆனால் முதல் சோதனை நாட்டின் உயிர்நாடி நலன். அந்தச் சோதனையை வைத்தால் 1994 ருவாண்டாவுக்கு யாரும் போகத் தேவையில்லை. ஏறக்குறைய 100 நாளில் பல லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், தடுத்து நிறுத்தும் அளவுக்கு எந்த வெளிநாடும் படை அனுப்பவும் இல்லை. அகுஸ்தினாரைப் படித்த ஒருவர் அதை நிம்மதியாக ஏற்க முடியாது.

பர்கூர் மறைக்கல்வி:

மிக்க நன்றி. முதல் ஞாயிறுக்கு இதுவே போதும். இரண்டாம் ஞாயிறுக்கு உள்ளூர் எடுத்துக்காட்டு? கூடவே ஈழத்தில் இந்திய அமைதிப்படை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அதைத் தொடலாமா?

பாரமகால் வாசகன்:

உள்ளூர் எடுத்துக்காட்டு உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது, கிருஷ்ணகிரிக் கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரை (1790-92) எடுத்துக்கொள்ளுங்கள். நீதியான போரின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் அதில் வேலை இருக்கிறது.

முதலில் சட்டம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1784-இல் இயற்றிய பிட்டின் இந்தியச் சட்டம், இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் பிரிட்டிஷ் தேசத்தின் விருப்பத்துக்கும் கௌரவத்துக்கும் கொள்கைக்கும் மாறானவை என்று எழுதியே வைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோ அதன் பாதுகாப்பு உறுதி பெற்ற கூட்டாளியோ தாக்கப்பட்டால், அல்லது தாக்க ஏற்பாடு நடந்தால் தவிர, லண்டன் உத்தரவில்லாமல் கவர்னர் ஜெனரல் போர் தொடங்கக் கூடாது. தலையிடாமைக் கொள்கையைச் சட்டமாகவே போட்ட ஆவணம் அது. "கூட்டாளி" என்ற வாசல் மட்டும் திறந்திருந்தது.

அந்த வாசல் வழியாகத்தான் போர் வந்தது. 1784 மங்களூர் உடன்படிக்கையில் திருவிதாங்கூர் கம்பெனியின் நேச அரசு. 1789 டிசம்பர் கடைசியில் மைசூரின் திப்பு சுல்தான் திருவிதாங்கூர் எல்லை மதிலைத் தாக்கினார். கூட்டாளி தாக்கப்பட்டார், போர் நியாயம் என்று கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் முடிவெடுத்தார். இங்கேயே நிறுத்திக் கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் "நியாயமான காரணம் உண்டு" என்பார்கள். அப்புறம் மறுபக்கத்தைக் கொடுங்கள்: அதே ஆண்டு திருவிதாங்கூர் ராஜா டச்சுக்காரர்களிடமிருந்து கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை என்ற இரண்டு கோட்டைகளை விலைக்கு வாங்கினார். கொச்சி என் கப்பம் கட்டும் நாடு, அந்த மண்ணை விற்க டச்சுக்காரனுக்கு உரிமை இல்லை, மதிலின் ஒரு பகுதியும் கொச்சி மண்ணில் நிற்கிறது என்பது திப்புவின் வழக்கு. இரு தரப்புக்கும் ஓரளவு வழக்கு இருக்கும்போது நியாயத்தை எப்படி எடை போடுவது? இது முப்பது நிமிட விவாதம்.

போர் நடந்தது நம் தெருக்களில்தான். 1791-இல் ராயக்கோட்டை விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் கம்பெனிப் படையின் கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மேல்கோட்டையை ஏறிப் பிடிக்கப் பார்த்து, மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகளுக்குத் தாங்காமல் திரும்பினார். சண்டையில் விழாத கோட்டை, அடுத்த ஆண்டு ஒரு கையெழுத்தில் போனது.

அந்தக் கையெழுத்துதான் நேர்மையான நோக்கத்துக்கான சோதனை. மனதுக்குள் இருக்கும் நோக்கத்தை யாரும் பார்க்க முடியாது என்று பிள்ளைகள் சொல்வார்கள், சரியான ஆட்சேபம். ஆனால் போர் முடிந்தபின் வென்றவர் எதை எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பார்க்கலாம். வெற்றி பெற்றவர் தன்னை வழக்காளியாக அல்ல, இரண்டு நாடுகளுக்கு இடையே அமர்ந்த நீதிபதியாக எண்ணித் தீர்ப்பளிக்க வேண்டும் என்றார் விட்டோரியா. இழப்பீடு வாங்கலாம், போர்ச்செலவு வாங்கலாம், மறுபடி தாக்காதபடி ஈடு வாங்கலாம், அதற்கு மேல் நீளக் கூடாது.

1792 மார்ச் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையை இந்த அளவில் வையுங்கள். திப்பு 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும்: இழப்பீடு, செலவு என்று வாதிடலாம். இரண்டு பிள்ளைகள் பணயம், 1794-இல் திரும்பினார்கள்: ஈடு என்று வாதிடலாம், ஆனால் ஒரு தவறும் செய்யாத சிறுவர்கள். அவருடைய நாட்டில் பாதி போய்விட்டது. கம்பெனி, நிஜாம், மராத்தியர் மூவரும் பங்கு போட்டார்கள். தாக்கப்பட்டது திருவிதாங்கூர், நம் வட்டாரமான பாரமகாலும் திண்டுக்கல்லும் மலபாரும் போனது கம்பெனிக்கு. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலம் அளந்து வரி போட்டது அதன் பிறகுதான். முதல் மைசூர்ப் போர் முடிந்த 1769 சென்னை உடன்படிக்கை, பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது என்ற அடிப்படையில் முடிந்தது. இரண்டையும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதினால் "நேர்மையான நோக்கம்" என்ற நிபந்தனை கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடும்.

பழமைவாதப் பிளவுக்கும் இதே காலம் உதவும். பழமைவாதத்தின் தந்தை என்று இரு சாராரும் சொந்தம் கொண்டாடும் எட்மண்ட் பர்க், 1785-இல் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றிய உரையில், கம்பெனி ஆட்கள் கொடுத்த வட்டிக் கடன்கள் கர்நாடகத்தை (அன்றைய ஆற்காட்டு நவாபின் நாடு) போரில் தள்ளியதையும், 1780-இல் திப்புவின் தந்தை ஹைதர் இறங்கி நாட்டைப் பாழாக்கியதையும் நாடாளுமன்றத்தில் கிழித்து வைத்தார். 1788 முதல் 1795 வரை நடந்த, முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணையில் குற்றச்சாட்டை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். அதே பர்க், 1790-களில் புரட்சிப் பிரான்சோடு சமாதானமே கூடாது, அந்த ஆட்சியையே அகற்ற வேண்டும் என்று எழுதினார். தூர நாட்டு மக்கள் மீது அதிகாரம் செலுத்துவதன் கேடுகளைப் பார்த்த பர்க் ஒரு சாராருக்கு, ஆட்சி மாற்றம் கேட்ட பர்க் மறு சாராருக்கு.

தென்பெண்ணை:

அமைதிப்படையைத் தொடலாம், தொட வேண்டும். ஆனால் 1971-ஐ முதலில் வைத்துவிட்டு அதற்கு வாருங்கள். இல்லையென்றால் வகுப்பு கட்சி விவாதமாகிவிடும். இந்தியா கிறிஸ்தவ நாடு இல்லையே என்று யாராவது கேட்டால், அளவுகோல் இயற்கைச் சட்டத்தின் மேல், அதாவது எல்லா மனிதருக்கும் பகுத்தறிவால் தெரிகிற நீதியின் மேல் நிற்கிறது, எந்த அரசுக்கும் பொருந்தும் என்று சொல்லுங்கள்.

1971: கிழக்கு வங்கத்தில் படுகொலை, ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள், டிசம்பர் 3-இல் பாகிஸ்தான் விமானத் தாக்குதல், 16-இல் டாக்காவில் சரணடைவு. காரணம் வலுவானது. வெற்றி என்றால் என்ன என்பது தெளிவாக இருந்தது. படை சில மாதங்களில் திரும்பியது. இந்தியாவுக்கு அரசியல் லாபமும் இருந்தது உண்மை. வால்சர் அதைப் பார்த்துவிட்டுத்தான், கலப்பு நோக்கம் இருந்தாலும் இது நியாயமான தலையீட்டுக்கு எடுத்துக்காட்டு என்றார். நோக்கம் முழுத் தூய்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் எந்தத் தலையீடும் தேறாது.

1987: ஜூலை 29 ஒப்பந்தம் இந்திய, இலங்கை அரசுகளுக்கு இடையில். அழைத்த அரசு இருந்ததால் அதிகாரம் என்ற கட்டம் தாளில் நிரம்பியது. ஆனால் புலிகள் அதில் கையெழுத்திட்ட தரப்பு அல்ல. அமைதி காக்கப் போன படை அக்டோபரில் போரிடும் படையானது. போகும்போது இருந்த காரணமும் நோக்கமும் மாறிவிட்டன, புதிய போருக்கென்று நிபந்தனைகளை யாரும் மறுபடி எடை போடவில்லை. வைன்பெர்கர் கேட்ட இடைவிடாத மறுஆய்வு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் தேட வேண்டாம். சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியது. போரை நடத்தும் முறைக்கு, அக்டோபர் 21, 22-இல் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டதை எடுங்கள். அங்கிருந்து சுட்டார்கள் என்ற விளக்கம் சொல்லப்பட்டது. அதை அப்படியே ஏற்றாலும் படுக்கையில் கிடந்தவர்களின் பாதுகாப்பு உரிமை போய்விடாது என்பதுதான் இந்தக் கொள்கையின் பதில். பட்டாளத்துக்குப் போகிற தம்பிகள் இருக்கும் அறையில் குரலைத் தாழ்த்தி, ஆனால் மழுப்பாமல் சொல்ல வேண்டிய பகுதி.

2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பழைய நூற்றாண்டுகளின் அளவுகோலை வைத்து இன்று நீதியான போர் என்று பேசுவது மிகக் கடினம் என்று எழுதியதைக் கடைசியில் வையுங்கள், முதலில் வைத்தால் அளவுகோலைக் கற்கவே மாட்டார்கள்.

பர்கூர் மறைக்கல்வி:

பாரமகால் வாசகன் ஐயா, உடன்படிக்கைச் சோதனை பிரமாதம். 2003 ஈராக்குக்கு அதை வைக்கலாமா? அங்கே உடன்படிக்கையே இல்லையே.

பாரமகால் வாசகன்:

உடன்படிக்கைக்குப் பதில், போருக்குப் பின் அமெரிக்கத் தரப்பு ஈராக்கில் அமைத்த கூட்டணித் தற்காலிக நிர்வாகத்தின் முதல் இரண்டு ஆணைகளை எடுங்கள், இரண்டும் 2003 மே மாதம். ஆணை 1 சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தாரை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. ஆணை 2 ஈராக் இராணுவத்தையே கலைத்தது. மண் எதையும் அமெரிக்கா தன் வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே 1792 போல நோக்கம் என்ற கட்டத்தில் இதைப் போட்டால் தவறான தீர்ப்பு வரும். இது விழுவது வெற்றி வாய்ப்பு என்ற கட்டத்தில். ஆயுதப் பயிற்சி பெற்ற பல லட்சம் பேர் ஒரே நாளில் சம்பளமில்லாமல் வீதிக்கு வந்தார்கள். மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் நடத்தத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வென்றபின் நாட்டை யார் நடத்துவது என்ற கேள்விக்குப் போருக்கு முன்பே விடை எழுதியிருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தில் வளர்ந்த ஐ.எஸ். அமைப்பினர்தான் 2014-இல் மோசுல் நகரத்திலிருந்து கிறிஸ்தவர்களைத் துரத்தினார்கள். அப்போஸ்தலர் காலத்திலிருந்து வேர் விட்டதாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் திருச்சபை அது. லேண்ட் கடிதத்தில் வெற்றி வாய்ப்பு பற்றிய பத்தியைப் படிக்கும்போது, போருக்குப் பின் அங்குள்ள சபைகளுக்கு என்ன ஆகும் என்பதற்கு அதில் ஏதாவது பதில் இருக்கிறதா என்று மாணவர்களையே தேடச் சொல்லுங்கள்.